ஜெயித்த பிறகு படித்தவர்

போன செவ்வாய்க்கிழமை காலை கடையைத் திறந்துகொண்டிருந்தபோது, பல மாதமாகப் பேச்சுமூச்சில்லாமல் கிடந்த எங்கள் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. யாருக்கோ பிறந்தநாளாக இருக்கும் என்று அலட்சியமாகத்தான் எடுத்தேன். "அம்மா காலைல தவறிட்டாங்க. மாரடைப்பு. நாலு மணிக்கு எடுக்கறோம்." மரகதம் அக்காவின் எண்ணிலிருந்து அவருடைய மகள் எழுதியிருந்தார். ஷட்டரைப் பாதியில் விட்டுவிட்டுப் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

அவருடைய ஊரான நடுவட்டத்துக்காரர்களுக்கு அவர் தேயிலைத் தோட்டத்தில் முப்பது வருடம் கொழுந்து பறித்த மரகதம். எனக்கு அவர் வகுப்புத் தோழி. ஊட்டியில் ஞாயிற்றுக்கிழமைகளில் நடக்கும் தொலைநிலைக் கல்வி வகுப்பில், பி.ஏ. வரலாற்றில், இருவரும் ஒரே நாளில் சேர்ந்தோம். அவருக்கு ஐம்பத்திரண்டு வயது, எனக்கு இருபத்திரண்டு. காந்தலில் செல்போன் பழுதுபார்க்கும் கடை வைத்து நன்றாகவே சம்பாதித்துக்கொண்டிருந்த என்னை, "டிகிரி இல்லாதவனுக்கு எவன் பொண்ணு குடுப்பான்?" என்று அரித்தெடுத்துச் சேர்த்துவிட்டவர் என் அப்பா. அக்காவை யாரும் அரிக்கவில்லை. பிளஸ் டூ முடித்த கையோடு கல்யாணமாகி வந்தவர், இரண்டு பெண்களையும் கரையேற்றிவிட்டு, தானாக வந்து சேர்ந்தார்.

தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீடுகளில் கேலிக்குக் குறைவில்லை. அவருடைய கணவர் கணேசன் அண்ணனே, "டிகிரி வாங்கி என்ன, கலெக்டராகப் போறயா?" என்று கேட்டாராம். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று பஸ்ஸில் ஒரு பெரியவர் பழமொழியை எடுத்துவிட்டபோது நான் பக்கத்தில் இருந்தேன். "முப்பது வருஷமா வளைஞ்சுதானுங்க கொழுந்து பறிக்கறேன். புதுசா எதுக்குங்க வளையோணும்?" என்றார் அக்கா. பெரியவர் ஊட்டி வரும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார்.

இரண்டாம் வருட முடிவில் ஒரு பட்டிமன்றம் வைத்தார்கள். வாழ்க்கையில் ஜெயிக்க மேற்படிப்பு அவசியமா என்று தலைப்பு. நான் அவசியமில்லை என்ற அணி. அக்கா எதிரணி. நான் வேறெங்கும் ஆதாரம் தேடவில்லை, அக்காவையே கைகாட்டினேன். ஒரு மகள் நர்ஸ், ஒரு மகள் டீச்சர். தோட்டத்துப் பெண்களைத் திரட்டிக்கொண்டுபோய் எஸ்டேட் ஆபீஸ் வாசலில் இரண்டு நாள் உட்கார்ந்து, லைனுக்குத் தண்ணீர்க் குழாய் கொண்டுவந்தவர். இதையெல்லாம் எந்தப் பட்டத்தை வைத்துச் சாதித்தார் என்று கேட்டேன். பலத்த கைதட்டல். காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

அக்கா ஸ்வெட்டரை இழுத்துவிட்டுக்கொண்டு மைக் முன்னால் வந்தார்.

"தம்பி சொன்னது அத்தனையும் நெசமுங்க. நான் ஜெயிச்சவதான். அதுக்கு டிகிரி வேணும்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா ஜெயிச்சவ படிக்கக் கூடாதுன்னு எங்கீங்க எழுதியிருக்குது? ஜெயிக்கறதுக்கு மட்டும் படிச்சா, ஜெயிச்ச அன்னிக்கே படிப்பு தீந்துபோயிரும். எனக்குத் தெரிஞ்சுக்கோணுமுங்க. அவ்வளவுதான்."

தலைப்பை வைத்தவர்கள்தான் தோற்றார்கள் என்று நடுவர் தீர்ப்புச் சொன்னார். என் காலர் தானாக இறங்கிவிட்டது.

இப்படிப்பட்டவர் கடைசி வருடம் ஒரு தாளில் தோற்றுப்போனார். எப்படி என்று கேட்டால் சிரிப்பீர்கள். எட்டுக் கேள்வியில் ஏதேனும் ஐந்துக்கு விடை எழுதச் சொல்லியிருந்தார்கள். அக்கா எட்டையும் எழுதினார். நேரம் போதாமல் எட்டும் அரைகுறை. "செடியில கொழுந்து நிக்கறப்ப விட்டுட்டு அடுத்த செடிக்குப் போனா மேஸ்திரி சும்மா விடுவாரா? கை நிக்கலீங்க தம்பி" என்றார். நானும் சிரித்தேன். சிரித்து முடித்தபோதுதான் அவர் கண் கலங்கியிருந்ததைப் பார்த்தேன். "லைன்ல எல்லாத்துக்கும் தெரிஞ்சுபோச்சு. இதோட விட்டுரலாமான்னு இருக்குதுங்க." அவர் ஒன்றை விட்டுவிடலாம் என்று சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். எனக்குத் தாங்கவில்லை.

அன்றிலிருந்து ஆறு மாதம், ஒவ்வொரு ஞாயிறும் எட்டுக் கேள்வி அனுப்புவேன். எழுதத் தொடங்குவதற்கு முன் மூன்றை அடித்துவிட வேண்டும் என்பது ஒப்பந்தம். முதல் வாரம் ஒன்றைத்தான் அடித்தார். "பாவமா இருக்குதுங்க, படிச்சதாச்சே" என்று குரல் பதிவு வேறு. எனக்குக் கோபம் வந்தது, திட்டவும் செய்தேன். அக்கா சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டார். மூன்றாம் மாதம் மூன்றையும் அடித்தார்.

முடிவு வந்த அன்று தோட்டத்திலிருந்தே கூப்பிட்டார். பின்னால் பெண்கள் போடும் சத்தத்தில் அவர் குரல் சரியாகக் கேட்கவில்லை. "மூணை விட்டுட்டு வந்தேன் தம்பி, பாஸாயிட்டேன்" என்றது மட்டும் காதில் விழுந்தது. மொத்த மதிப்பெண்ணில் என்னைவிடப் பதினோரு மார்க் அதிகம். என் வாழ்க்கையில் நான் ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்ட தோல்வி அது ஒன்றுதான்.

செவ்வாய்க்கிழமை நான் போய்ச் சேர்ந்தபோது, கணேசன் அண்ணன் வாசலில் நாற்காலியில் இருந்தார். அஞ்சலி பேனருக்கான வாசகத்தைப் பிரிண்டிங் கடைக்கு அனுப்பும் வேலையை என்னிடம் கொடுத்தார். பெயர், வயது, குடும்பத்தார் எல்லாவற்றையும் தட்டச்சு செய்து படித்துக் காட்டினேன்.

"பேருக்குப் பின்னால பி.ஏ.ன்னு போடோணும் தம்பி" என்றார். "சின்னதாப் போட்டுறாதீங்க. பஸ்ஸுல போறவங்களுக்கும் தெரியோணும்."

நாலு மணிக்கு முன்பே பேனர் பஸ் நிறுத்தத்தில் ஏறிவிட்டது. கூடலூர் பஸ் ஒன்று நின்றது. ஜன்னலோரம் இருந்த ஒரு பெண் "மரகதம் பி.ஏ." என்று பக்கத்திலிருந்தவளுக்கு வாய்விட்டுப் படித்துக்காட்டினாள். அழுதுகொண்டிருந்த எனக்கு அப்போது நெஞ்சு நிமிர்ந்தது.

ஜெயிக்க மேற்படிப்பு அவசியமா என்று கேட்டால், இல்லை என்றுதான் இன்றும் சொல்வேன். கடை ஓடுகிறது, கல்யாணமும் ஆகிவிட்டது. ஆனாலும் நேற்று எம்.ஏ. வரலாற்றுக்கு விண்ணப்பம் போட்டேன்.

"அதுதான் எல்லாம் ஆயிருச்சே, இனி எதுக்குடா படிப்பு?" என்றார் அப்பா.

தெரிந்துகொள்ளத்தான் என்றேன்.