சம்பந்தி தந்த ஜேட் வட்டம்

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். எனக்கு அந்தப் பழக்கம் இல்லை.

பேத்தி பிறந்த முப்பத்தொண்டாம் நாளுக்கு, மருமகன்ர தாய், சீனத்து மனுசி, நகரத்தின்ர மற்றப் பக்கம், ஆல்பனியில இருந்து ஒரு ஜேட் வட்டம், பச்சைக்கல்லில செய்தது, கொண்டுவந்து தந்தா. உழுந்துவடை மாதிரி நடுவில ஓட்டை. பரம்பரைச் சாமான் எண்டா. ஏவன்டேலில மகளின்ர வாடகை வீட்டில களவுப் பயம், அதால எங்களிட்டத்தான் இருந்தது. நான் சும்மா இருக்காமல், சீனப் பழம்பொருள் படிப்பிச்சு ஓய்வெடுத்த ஒரு சிநேகிதருக்குப் படம் அனுப்பினன்.

"மூவாயிரம் வருசம் இருக்கும். வானத்தைக் கும்பிட வைச்சிருந்தது," எண்டார். என்ர மனுசிக்கு அது காணும். சாமித்தட்டில வைச்சு, சந்தனப்பொட்டும் வைச்சுப்போட்டா.

பிறகு அவர் நேரில வந்து பார்த்தார். "இது இன்னும் பழசு. முந்தி எல்லாரும் பிழையாய்த்தான் சொன்னது. பழைய புதைகுழியளைக் கிண்டிப் பார்த்த பிறகுதான் தெரிஞ்சது, பிரேதத்தின்ர நெஞ்சில வைச்சுப் புதைச்ச சாமான்."

"இஞ்சாருங்கோ, செத்தவீட்டுச் சாமானையோ பிள்ளைக்குத் தந்தவை?" மனுசி தலை முழுகி, வீடு முழுக்க மஞ்சள்தண்ணி தெளிச்சா. வட்டம் கராஜுக்குப் போனது, பெயின்ட் வாளிக்குப் பக்கத்தில. தூக்கிக்கொண்டு போனது நான்தான், வேற ஆர்?

அடுத்த கிழமை மகள் போன் பண்ணினா. ஞாயிற்றுக்கிழமை மாமி வாறாவாம், அதைப் பார்க்கவேணுமாம். கராஜில கிடக்கிறதைக் கண்டால், மகள் எந்த முகத்தோட அந்த வீட்டுக்குப் போறது? எனக்கு விசர் பிடிச்சது. சிநேகிதரைத் திரும்பக் கூப்பிட்டன். பூதக்கண்ணாடியால ஓட்டையைப் பார்த்துப்போட்டு, "மெசின் போட்ட அடையாளம் இருக்கு. பழசைப் பார்த்து அண்மையில செய்தது," எண்டார், வெக்கமில்லாமல். "ஆராய்ச்சி எண்டால் மாறும்தானே." குடுத்த தேத்தண்ணியைத் திரும்ப வாங்கவேணும் போல இருந்தது.

மனுசிக்கு உயிர் வந்தது. "அப்ப பிரேதத்தில படேல்லை." கழுவி, திரும்பச் சாமித்தட்டு, திரும்பச் சந்தனம்.

ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி சாமித்தட்டுக்கு முன்னால கனநேரம் நிண்டா. கண் கலங்கிப்போச்சு. இங்கிலீசில மெல்லச் சொன்னா: "என்ர மனுசன் செத்தபோது, பெட்டி மூடுமட்டும் இது அவரின்ர நெஞ்சிலதான் இருந்தது. புதைக்க மனம் வரேல்லை. பேத்திக்குத் தரலாமோ எண்டு பயந்தனான். நீங்கள் உங்கட சாமியோட வைச்சிருக்கிறியள்."

நான் மனுசியைப் பார்த்தன். அவ என்னைப் பார்க்கேல்லை. காய்ஞ்ச பொட்டைத் துடைச்சுப்போட்டு, சந்தனம் குழைச்சுப் புதுசாய் ஒண்டு வைச்சா.