அஞ்சு வாட்டுக்கு ஏத்த பெட்டி

"கிட்டார் சத்தம் மந்தமா இருக்கு மாப்ள."

சைக்கிள் ஸ்டாண்டைப் போடும்போதே இதைச் சொல்லிக்கிட்டுத்தான் அவன் என் கடைக்குள்ள நுழைவான். எண்பத்தாறு, எண்பத்தேழு, அந்த ரெண்டு வருசத்துல இந்தப் பேச்சை எத்தனை தரம் கேட்டிருப்பேன்னு எனக்கே தெரியாது. மொதல்ல சிரிச்சேன். பொறவு சலிச்சேன். கடைசியில என்ன செஞ்சேங்கிறதைச் சொல்லத்தான் வந்தேன். சொல்றதுக்கு வெக்கமாத்தான் இருக்கு.

எனக்கு ராஜபாளையத்துல பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ரேடியோ ரிப்பேர் கடை. அவன் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரன், என்கூடப் படிச்சவன். நூல் மில்லுல நூல் நூக்குற ரிங் ஃபிரேம் மிஷின் பாத்துக்கிட்டிருந்தான். ஷிப்டு முடிஞ்சு வந்தான்னா தலைமுடி, புருவம் எல்லாம் பஞ்சு ஒட்டியிருக்கும். ஞாயித்துக்கிழமையானா குளிச்சு முழுகி வெள்ளைச் சட்டையில சர்ச்சுக்குப் போயி கிட்டார் வாசிப்பான். கையின்னா அது கை. "எங்கலே கத்துக்கிட்ட?"ன்னு கேட்டா, "அறுந்த நூலை ஓடுற மிஷின்லயே முடிச்சுப் போடுற விரலு மாப்ள, கம்பியில ஓடாதா?"ம்பான்.

ராஜபாளையத்துல ஒரு மெல்லிசைக் குழு இருந்துச்சு. அவங்க கிட்டார்க்காரர் கோயமுத்தூருக்குப் போயிட்டாரு. குழு நடத்துன கீபோர்டுக்காரர் இவன் வாசிச்சதைச் சர்ச்சுல கேட்டுட்டு, "கல்யாண சீசனுக்கு வந்து வாசிங்க தம்பி, சரிப்பட்டா நிரந்தரமா வச்சுக்கிடுதோம். ஆனா ஆம்ப்ளிஃபையர் உங்களுது"ன்னுட்டாரு. அன்னைக்கு அவன் கடைக்கு வந்த வரத்து இன்னும் கண்ணுல நிக்குது. சந்தோசத்துல சைக்கிளைப் பூட்டக்கூட இல்ல. "இது மட்டும் அமைஞ்சா மில்லுக்கு முழுக்குப் போட்டுருவேன்லே. அந்தப் பஞ்சுக்குள்ளேயும் இரைச்சலுக்குள்ளேயும் இன்னும் எம்புட்டு நாள்தான் கெடக்கிறது? ஆம்ப்ளிஃபையர் உன் பொறுப்பு"ன்னான். "நீ வாசிக்கிறதை மட்டும் பாரு, மத்ததை என்கிட்ட விடு"ன்னேன். வாய்ச்சவடாலுக்கு எனக்குக் குறைச்சலே கிடையாது.

செத்துப்போன வால்வு ரேடியோ ஒண்ணு என் கடையில கெடந்துச்சு. வால்வுன்னா கண்ணாடிக் குப்பிக்குள்ள செவப்பாக் கனிஞ்சுக்கிட்டு இருக்குமே, அதுதான். அதைப் பிரிச்சு கிட்டாருக்குன்னே ஒரு சின்ன ஆம்ப்ளிஃபையர் கட்டினேன். மொத்தமே அஞ்சு வாட்டு. பக்கத்துல மைக் செட் வச்சிருந்தவரு எட்டிப் பாத்துட்டு, "அஞ்சு வாட்டா? எங்க வீட்டு ராத்திரி பல்புகூட அம்புட்டு இருக்குமேப்பா!"ன்னு சிரிச்சாரு. எனக்குச் சுருக்குன்னு வந்துச்சு. எனக்கு எப்பவுமே மூக்கு நுனியில கோவம். "வாட்டுல என்னண்ணே இருக்கு? ஸ்பீக்கரும் பெட்டியும் சரியா அமையட்டும், பொறவு வந்து கேளுங்க"ன்னேன்.

நான் சொன்னது பொய்யில்ல. சின்ன ஆம்ப்ளிஃபையருக்கு ஸ்பீக்கர்தான் உசுரு. ரேடியோவுல இருந்து எடுத்த டிரான்ஸ்பார்மர் நாலு ஓம் தடையுள்ள ஸ்பீக்கருக்குன்னு சுத்தினது. எட்டு ஓம் மாட்டினாலும் பாடும், ஆனா தெம்பு போயிரும். பத்துப் பொருத்தத்துல மொதப் பொருத்தம் இந்த ஓம் பொருத்தம். அடுத்தது கூம்புக் காகிதம் லேசா இருக்கிற ஸ்பீக்கரா பாக்கணும். அப்பத்தான் குறைஞ்ச வாட்டுக்கே துள்ளும். மூணாவது பெட்டி. பின்பக்கம் அடைச்சதா, தொறந்ததா, என்ன பலகை, எம்புட்டு ஆழம், எல்லாம் பாக்கணும்.

மொதல்ல அந்த ரேடியோவோட ஸ்பீக்கரையே அதோட தேக்குப் பெட்டியில வச்சுக் குடுத்தேன். அவன் நாலு கம்பியை மீட்டினதும் எதிர்த்த டீக்கடைக்காரர் கையில கிளாசோட தெருவுக்கே வந்துட்டாரு. "என்னய்யா, தேனு மாதிரி வடியுது!"ன்னாரு. இவன் மட்டும் மூஞ்சியைச் சுளிச்சுக்கிட்டு, "மந்தமா இருக்கு மாப்ள. கம்பி பேச மாட்டேங்குது"ன்னான்.

சரி, வாசிக்கிறவன் அவன், அவனுக்குத்தானே தெரியும்னு மதுரைக்குப் போயி பத்து இஞ்சு ஸ்பீக்கர் வாங்கிட்டு வந்தேன். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆசாரி ஒருத்தர் பின்பக்கம் அடைச்ச பெட்டி செஞ்சு குடுத்தாரு. உள்ள வைக்க அவன் மில்லுல இருந்து கழிவுப் பஞ்சு ஒரு பை கொண்டாந்தான். நான் பெரிய மேதாவி மாதிரி திணிதிணின்னு திணிச்சேன். போர்வைக்குள்ள இருந்து ஆள் பேசுற கணக்கா ஆயிருச்சு. அது என் தப்பு, ஒத்துக்கிட்டேன். பஞ்சைப் பிடுங்கிப் போட்டேன். பின்பலகையையும் கழத்திட்டு, முன்னால கட்டியிருந்த கெட்டித் துணிக்குப் பதிலா நம்மூரு பேண்டேஜ் துணியை இழுத்துக் கட்டினேன். சல்லடையா இருக்கும், சத்தம் தடையில்லாம வரும். எனக்குக் கேக்க அம்சமா இருந்துச்சு. "இன்னும் மந்தந்தான்"ன்னான்.

பொறவு எட்டு ஓம் ஸ்பீக்கர் ரெண்டை இணைச்சு நாலு ஓம் ஆக்கினேன். மேல் சத்தத்தை, அந்தக் கணீர்ங்கிற கூர்மையை, குறைக்கிற கெப்பாசிட்டரை வெட்டி எறிஞ்சேன். கடைசியில அந்தக் கூர்மைக்குன்னே இருக்கிற ஒரு சின்ன ட்வீட்டரையும் சேத்து மாட்டினேன். அவன் மீட்டினான். எனக்குப் பல்லு கூசிருச்சு. டீக்கடைக்காரர் இந்தத் தரம் தெருவுக்கு வரல, அங்க இருந்தே "ஏப்பா, தகரத்தைச் சுரண்டாதீங்கப்பா!"ன்னு கத்தினாரு. இவன் மூஞ்சியில மட்டும் ஒரு தெளிச்சி. "இப்பக் கொஞ்சம் தேவல மாப்ள. ஆனா இன்னும் லேசா மந்தம் இருக்குல்ல?"

அப்பவாவது என் மண்டையில ஏறியிருக்கணும். நாள் பூரா சத்தத்தோட குடும்பம் நடத்துற பொழப்பு என்னுது. ஸ்பீக்கர்ல ஒரு நூல் இழை கிழிஞ்சிருந்தாக்கூடக் கண்டுபிடிச்சிருவேன். நான் குனிஞ்சு ஈயம் பத்தவச்சுக்கிட்டே எதையாவது கேட்டா அவன் பதில் சொல்ல மாட்டான். "திமிரப் பாரு"ன்னு வைவேன். நிமிந்து பாத்துக் கேட்டா சொல்லுவான். எங்க ஊர்ல மில்லு ஆளுங்க எல்லாருமே தொண்டை கிழியத்தான் பேசுவாங்க, பேசுறவன் மூஞ்சியைத்தான் பாத்துக்கிட்டிருப்பாங்க. மிஷின் இரைச்சல்ல பேசிப் பேசி வந்த பழக்கம். ஊரே அப்படி இருக்கையில இவன் ஒருத்தனை மட்டும் யாரு தனியாப் பாக்கா?

அதுவரைக்கும் இரவல் ஆளை வச்சு ஓட்டின குழு, கடைசியா இவனைக் கூப்பிட்டுச்சு. தளவாய்புரத்துல ஒரு கல்யாண வரவேற்பு. அவனுக்கு அதுதான் மொத மேடை. சாயங்காலம் ஆறு மணிக்கே பந்தல் நெறஞ்சிருச்சு. மேடையில அவன் காலடியில நம்ம பெட்டி, அதுக்குப் பக்கத்துல நான். மொதப் பாட்டுல அவன் கை வச்சதுமே முன்வரிசைப் பொம்பளைங்க காதைப் பொத்திக்கிட்டாங்க. ஒரு பிள்ளை வீல்னு அழுதுச்சு. கீபோர்டுக்காரர் குறைக்கச் சொல்லிக் கையைக் காட்டினாரு. நான் குனிஞ்சு குமிழைத் திருப்பிக் குறைச்சேன். இவன் வாசிச்சுக்கிட்டே கால் பெருவிரலால அதைத் திருப்பி ஏத்தினான். ரெண்டாவது பாட்டுலயும் இதே கூத்து. நான் குறைக்க, அவன் ஏத்த.

அந்தப் பாட்டு முடிஞ்சதும் கீபோர்டுக்காரர் என் பக்கம் திரும்பி, "என்னய்யா பெட்டி செஞ்சிருக்க? காதுல ஊசி குத்துற மாதிரி இருக்கு. இதுக்கு ரெண்டு வருசமா?"ன்னாரு. எனக்கு உச்சந்தலையில ஏறிருச்சு. ரெண்டு வருசம் நான் பாத்த வேலையை நாலு பேரு முன்னால ஒரு வார்த்தையில கழிச்சுப் போட்டாரேன்னு ஆத்திரம். அந்த நேரம் பாத்து இவன் என் தோளைத் தொட்டு, "மாப்ள, மந்தமா இருக்குலே. இன்னும் செத்த ஏத்து"ன்னான்.

"ஏலே, நீ என்ன செவிடாலே? ஊரே காதைப் பொத்துது, உனக்கு மட்டும் கேக்கலையா?"

பாடுறவர் மைக்கு என் வாய்க்கு நேரா இருந்ததை நான் பாக்கல. நான் கத்தினது பந்தல்ல, தெரு முக்குல, அந்தக் கடைசியில கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கர்ல எல்லாம் போயி எதிரொலிச்சுத் திரும்பி வந்துச்சு. கூட்டம் கொல்லுன்னு சிரிச்சுது. அவனைப் பாத்தேன். என் வாயவே பாத்துக்கிட்டிருந்தான். மூஞ்சியில கோவமே இல்ல. மில்லுல மிஷின் திடீர்னு நின்னுட்டா எப்படி முழிப்பாங்களோ அப்படி முழிச்சான். குனிஞ்சு, அவனே குமிழைச் சுத்தமா அணைச்சான். மீதி ஏழு பாட்டுக்கும் விரல் மட்டும் கம்பியில ஓடிக்கிட்டிருந்துச்சு. பெட்டியில ஒரு பொட்டுச் சத்தம் வரல. கூட்டத்துக்கு அது தெரியாது. பக்கத்துல இருந்த எனக்குத் தெரியும். பாவி நான், அப்பவும் "வீம்பைப் பாரு"ன்னுதான் நினைச்சேன்.

அடுத்த வாரமே குழுவுல வேற ஆளைப் போட்டுட்டாங்க. இவன் கடைப்பக்கம் வரல. பத்து நாள் வீறாப்பா இருந்தேன். பொறவு முடியல. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறினேன்.

வீட்டுக்குப் பின்னால கொல்லையில குத்தவச்சுக் கோழிக்கு நொய் போட்டுக்கிட்டிருந்தான். முதுகு என் பக்கம். "மாப்ள"ன்னேன். திரும்பல. "ஏலே, இன்னும் கோவமா?"ன்னேன். திரும்பல. மூணாந்தரம் நல்லா சத்தமாவே கூப்பிட்டேன். கோழிதான் ஓடுச்சு.

அடுப்படியில இருந்து அவன் பெண்டாட்டி வந்து மெதுவா, "அண்ணே, முன்னால போயி நில்லுங்க. பின்னால இருந்து கூப்பிட்டா அவியளுக்குத் தெரியாது"ன்னாங்க.

"எப்ப இருந்தும்மா?"

"மூணு வருசமாவே அப்படித்தான். காதுக்கு வைத்தியம் பாப்போம்னா கோவிச்சுக்கிடுவாக. எனக்கு ஒண்ணுமில்ல, ஆம்ப்ளிஃபையர்லதான் கோளாறு, அவன் சரி பண்ணிருவான்னு உங்களைத்தான் சொல்லுவாக."

ரிங் ஃபிரேம் இரைச்சல் அவன் காதுல மொதல்ல மேல் சத்தத்தை, பொறவு பேச்சையும் கொஞ்சம் கொஞ்சமாத் தின்னுருக்கு. பெட்டிக்குள்ள மூட்டை கணக்காப் பஞ்சு திணிக்கத் தெரிஞ்ச எனக்கு, மில்லுக்குள்ள போம்போது அதுல ரெண்டு உருண்டை காதுல வச்சுக்கிடுலேன்னு சொல்லத் தெரியல. இந்த ஊர்ல யாரும் யாருக்கும் சொன்னதில்ல. ஊர் சொல்லலைன்னா நான் சொல்லக் கூடாதா? இதை நினைக்கிறப்பல்லாம் என்னையே செருப்பால அடிச்சுக்கிடலாம் போல இருக்கும்.

முன்னால போயி நின்னேன். நிமிந்து பாத்தான். "வாலே"ன்னு சிரிச்சு, நொய் ஒட்டின கையை வேட்டியில துடைச்சான். நான் தளவாய்புரத்துப் பேச்சை எடுக்கிறதுக்குள்ள அவனே முந்திக்கிட்டான்.

"நீ பெட்டியை மாத்தி மாத்திக் குடுத்துக்கிட்டு இருந்தேல்ல மாப்ள, அதுவரைக்கும் எனக்குத் தைரியமா இருந்துச்சு. கோளாறு பெட்டியிலதான், இன்னும் ஒரு ஸ்பீக்கர் மாத்தினா கம்பி பேசிரும்னு நினைச்சுக்கிடுவேன். இவ சொல்றப்ப நான் நம்பல. அன்னைக்கு நீ சொன்னதும்தான் நம்பினேன். சத்தத்தைப் பத்தி நீ சொன்னா சரியாத்தானே இருக்கும்."

அவன் முன்னால அழ வெக்கமா இருந்துச்சு. தரையைப் பாத்துக்கிட்டு, "தப்புப் பண்ணிட்டேன்லே, என்னைய மன்னிச்சிரு"ன்னேன்.

அவன் குனிஞ்சு என் மூஞ்சியை எட்டிப் பாத்து, "என்னலே சொன்ன?"ன்னான்.

"ஒண்ணுமில்ல மாப்ள"ன்னேன்.

அதுக்குப் பொறவும் பல வருசம் அவன் அதே மில்லுக்கு, அதே மிஷினுக்குத்தான் போனான். தொண்ணூறுகள்ல பஸ் ஸ்டாண்டுல எத்தனையோ நாள் சேந்து நின்னு டீ குடிச்சிருக்கோம். எதிர்த்து நின்னு, அவன் கண்ணைப் பாத்து, அந்த ஒரு வார்த்தையை வாயைத் தொறந்து இன்னொரு தரம் சொல்லியிருக்கலாம். நான் சொல்லல.