இரண்டாவது ஆல்பம்

எஸ்டேட்டை விட்டு ஈப்போ நகருக்குக் குடிவந்த புதிதில், அண்ணனும் நானும் ஓர் அமெரிக்க ஹிப் ஹாப் குழுவின் முதல் கேசட்டைக் கேட்டுக் கேட்டே தேய்த்தெடுத்தோம். ஆங்கிலம் பாதி புரியாமலே வரிக்கு வரி ஒப்பிப்போம். காலணி செய்யும் சப்பாத்து பேக்டரியில் வேலை முடிந்து வந்ததும், அட்டைப்பெட்டியைத் தரையில் விரித்து அண்ணன் அந்தப் பாட்டுக்கு ஆடுவார்.

பிறகு அவர் காதுக்குள் யாரோ ஏசுவது கேட்க ஆரம்பித்தது. அப்பா அவரைத் தஞ்சோங் ரம்புத்தான் மனநல மருத்துவமனையில் சேர்த்தார்.

அந்தச் சமயத்தில்தான் குழுவின் இரண்டாவது ஆல்பம் கடைக்கு வந்தது. வாங்கிக்கொண்டு, தோழியின் வாக்மேனோடு மருத்துவமனைக்குப் பஸ் ஏறினேன். கேசட் அட்டையைப் பார்த்ததும் அண்ணன் சிரித்தார். ஹெட்போனை நானே மாட்டிவிட்டேன். முதல் பாட்டுக்குத் தலையாட்டியவருக்கு, அடுத்த பாட்டில் முகம் மாறியது.

“நிறுத்துலா. இவனுங்களும் என்னத்தான் ஏசுறானுங்க.”

“உங்கள இல்லண்ணே. அவங்க ஊரு போலீஸ ஏசுறாங்க.”

ஹெட்போனைக் கழற்றி என் மடியில் வைத்தார். “நீ வீட்டுக்குப் போ,” என்றார்.

அடுத்த வருடம் அண்ணன் வீடு திரும்பினார். மாத்திரையால் எந்நேரமும் தூக்கம்தான், பாட்டே கேட்பதில்லை. அந்த ஆல்பத்தை நான் மட்டும் சத்தத்தைக் குறைத்து வைத்துக் கேட்டேன். முதலாவதைவிட நன்றாகவே இருந்தது. அதை அண்ணனிடம் சொல்ல முடியவில்லை. மற்றவர்களிடம் சொல்லத் தோன்றவில்லை.