மைமூனம்மாளின் வலது கால்

வலது கால் செருப்பைக் கழற்றிக் கீழே விட்டுவிட்டுத்தான் டிரைவர் சீட்டில் ஏறுவாள் மைமூனம்மாள். முக்காட்டை இழுத்துச் செருகுவாள். ஸ்டியரிங்கைத் தொடமாட்டாள். வெறுங்காலைப் பிரேக் பெடலில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வாள். வண்டிக்கு அடியிலிருந்து அவள் வீட்டுக்காரர் மைதீன் பாட்சா, "மிதி" என்பார். மூன்று தடவை மிதிப்பாள். "பிடி" என்பார். அழுத்திப் பிடிப்பாள். அவர் சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் நிப்பிளைத் திறக்க, ரப்பர் குழாய் வழியே பிரேக் ஆயில் குமிழியிட்டுக் கண்ணாடிப் பாட்டிலில் இறங்கும். பிரேக் குழாய்க்குள் புகுந்த காற்றை இப்படித்தான் வெளியேற்ற வேண்டும். கொஞ்சம் காற்று தங்கினாலும் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும், வண்டி நிற்காது.

சங்கரன்கோவிலில் ராஜபாளையம் ரோட்டில் இருக்கிறது அவர்கள் பட்டறை. கடையநல்லூரிலிருந்து வந்தவர்கள். பாட்சாவின் தம்பிமார் இருவரும் அரபு நாட்டுக்குப் போய்விட்டார்கள். இவருக்கும் விசா வந்தது. "அங்கன உமக்குப் பெடலை யாரு மிதிப்பா?" என்று இவள் கேட்டாளாம். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அவளுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. ஆனால் பாட்டிலில் குமிழி நின்ற பிறகும், "இல்ல, இன்னும் கெடக்கு" என்று அவள் சொல்லிவிட்டால் பாட்சா மறுபடி மண்ணில் படுத்துவிடுவார். சிவகிரி லாரி டிரைவர் வெள்ளத்துரை ஒருநாள், "ஏக்கா, தையல் மிஷினு மிதிக்க வேண்டிய காலு, வழி தப்பி இங்கன வந்துட்டே" என்றான்.

"தையல் மிஷினு நிக்கலன்னா துணிதாம்லே கிழியும். லாரி நிக்காம நீ கிழிஞ்சா யாரு தைக்க?"

பட்டறையே சிரித்தது.

கடைசிச் சோதனையும் அவளுடையதுதான். பட்டறைக்கு முன்னால் ரோடு சரிகிற இடத்தில் ஒரு சுண்ணாம்புக் கோடு உண்டு. கோட்டைத் தாண்டி நாலு எட்டில் தன் செருப்பை வைப்பாள். வண்டியை ஓட்டி வந்து கோட்டில் பிரேக்கை மிதிக்க வேண்டும். சக்கரம் செருப்பைத் தொட்டால் முதலிலிருந்து வேலை. யார் வண்டியானாலும் சரி.

நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். மூட்டை தூக்கி, கிளீனராகி, டிரைவராகி, இன்று மூன்று வேன்களுக்கு முதலாளி. வண்டி விஷயத்தில் எனக்கு எவனும் சொல்லித்தர வேண்டியதில்லை. போன ஆடித்தபசுத் திருவிழாவுக்கு முதல் நாள், லேசாக மிதித்தாலே பிடிக்கட்டும் என்று, உடைப்புக்குப் போன லாரியின் பிரேக் பூஸ்டரை என் வேனில் நானே பூட்டினேன். குழாயையும் நானே வளைத்தேன். காற்று எடுக்க மட்டும் இவர்களிடம் கொண்டுபோனேன். விடிந்தால் பனவடலிசத்திரத்திலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு தபசுக் கூட்டத்துக்குள் வர வேண்டும்.

நாலு சக்கரத்திலும் காற்று எடுத்தாயிற்று. பாட்டிலில் குமிழி இல்லை. அவள் காலை எடுக்கவில்லை.

"அண்ணாச்சி, காத்து கெடக்கு."

"எங்கன கெடக்கு? பாட்டிலைப் பாரு மைமூனா. நான் பூட்டுன பூஸ்டராக்கும். லாரியவே நிறுத்துனது."

"என்னத்தையோ மாத்திட்டீய. சக்கரத்துல இல்ல, மேல எங்கனயோ உக்காந்துருக்கு."

"முப்பது வருசம் ஸ்டியரிங் பிடிச்சவன் சொல்லுதேன். எறங்கு."

"எறங்க மாட்டேன். நாளைக்குப் புள்ளையளத் தோளுல வச்சிக்கிட்டுத் தெருவுல நிப்பாவ. சரின்னு என் வாயால வராது."

எனக்குச் சுள்ளென்று வந்தது. "அப்பம் செருப்பை வை, பாப்போம்" என்றேன். அதற்கு மட்டும் இறங்கினாள்.

நானே ஓட்டினேன். கோட்டில் மிதித்தேன். பெடல் அடிவரை போனது. வண்டி செருப்பின் மேல் ஏறி, இன்னும் இரண்டு முழம் போய்த்தான் நின்றது. செருப்பின் வார் அறுந்துபோயிற்று.

பாட்சா அடியில் ஊர்ந்து போய், சைலன்சரைத் தாண்டுவதற்காக நான் குழாயை மேடாக வளைத்திருந்த இடத்தைத் தட்டிக் காட்டினார். "ஒசந்த எடத்துல காத்து ஏறி உக்காந்துக்கிடும் அண்ணாச்சி." குழாயைச் சூட்டுக்கு விலக்கித் தாழ்த்தினார். பூஸ்டரில் குழாய் சேரும் திருகைத் தளர்த்திக்கொண்டு, மறுபடி சீட்டில் ஏறியிருந்த அவளிடம் "மிதி" என்றார். புஸ்ஸென்று நுரை கக்கியது. பிறகு மறுபடியும் நாலு சக்கரம். கண்ணை மூடியபடியே மைமூனம்மாள், "கல்லு" என்றாள். பெடல் சரியாகிவிட்டது என்பதற்கு அவள் சொல்லும் சொல் அதுதான்.

நான் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தேன். அறுந்த செருப்பு ஓரமாகக் கிடந்தது. "என் செருப்பை வேணா வையி" என்றேன்.

"வேண்டாம்."

நடந்துபோய், செருப்பு வைத்த அதே இடத்தில், வண்டிக்கு முதுகைக் காட்டி நின்றாள். பாட்சாவைப் பார்த்தேன். அவர் பாட்டிலைத் துடைத்துக்கொண்டிருந்தார். "ஓட்டுங்க அண்ணாச்சி" என்றாள் திரும்பாமலே.

எத்தனையோ மலை இறக்கம் பார்த்த கால் என்னுடையது. அன்றைக்கு நானும் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலைப் பெடலில் வைத்தேன்.

கோட்டில் மிதித்தேன். வண்டி அங்கேயே குத்திட்டு நின்றது.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கையைப் பின்னால் நீட்டித் துழாவிக்கொண்டே பின்னோக்கி ஒவ்வொரு எட்டாக வைத்தாள். மூன்றாவது எட்டில் பம்பர் கையில் தட்டியது. அதில் சாய்ந்துகொண்டு, வலது பாதத்தைத் தூக்கி, உள்ளங்காலில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டாள்.