சூப்பர்வைசருக்குக் கொடுத்த முறுக்கு

மின்னியல் தொழிற்சாலை லைன் வேலையில் கால்வலிகூடப் பழகிவிடும், நியாயம் கேட்கத்தான் பழகாது. நின்றுகொண்டே சம்பாதிக்கிற உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

உட்காரக் கேட்டேன்

ஆறு மாதக் கர்ப்பத்தில் ஒரு நாற்காலி கேட்டேன். சூப்பர்வைசர் மணியம், நம்ம ஆள்தான், முடியாது என்றார். தொழிலாளர் இலாகாவில் போய்ப் புகார் செய்தேன். அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். கர்ப்பிணிகளுக்கெல்லாம் நாற்காலி கிடைத்தது.

பிரசவ விடுமுறை முடிந்து போனால், எனக்கு மட்டும் நிரந்தர நைட் ஷிப்ட். பால்குடிப் பிள்ளை இருக்கே அண்ணே என்றேன். லைனில் கூட வேலை செய்யும் மேரி அக்கா பக்கத்தில் நிற்கும்போதே மணியம் சொன்னார்: "இலாகா வரைக்கும் நடக்க முடிஞ்சிச்சு, ராத்திரியில நிக்க முடியாதாலா?"

கேட்ட காது

மார்பில் பால் கட்டிக் காய்ச்சல் வந்த பிறகு வேலையை விட்டேன். பழைய வேலையைத் திரும்பக் கேட்டுத் தொழிலியல் நீதிமன்றம் போனேன். நானாக நின்றுவிட்டதாகக் கம்பெனி சொன்னது. புகார் செய்ததற்குப் பழிவாங்கித் துரத்தினார்கள் என்று நான்தான் நிரூபிக்க வேண்டுமாம்.

மணியம் பேசியதைக் கேட்டவர் மேரி அக்கா ஒருவர்தான். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கிளேபாங்கில் அவர் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவருக்கு வயிறு மேடிட்டிருந்தது. "நீ வாங்கிக் கொடுத்த நாற்காலியிலதான்மா இப்ப உக்காந்திருக்கேன். நான் சாட்சி சொன்னா அதைப் பிடுங்கிருவாங்களே, கோமளா!"

தீபாவளிப் பலகாரம்

நைட் ஷிப்டில் இருந்தபோது வந்த தீபாவளிக்கு மணியத்துக்கு முறுக்கு கொடுத்தீர்களா என்று கோர்ட்டில் கம்பெனி லாயர் கேட்டார். கொடுத்தேன் என்றேன். லைனில் எல்லாருக்கும் கொடுத்துவிட்டு ஒருத்தரை மட்டும் எப்படி விடுவது? சிரித்துக்கொண்டே கொடுத்தீர்களா என்றார். நல்ல நாளில் அழுதுகொண்டா கொடுப்பார்கள் என்றேன்.

மணியமே சிரித்துவிட்டார். லாயர் சிரிக்கவில்லை. அவர் அடுத்துச் சொன்னதை மொழிபெயர்ப்பாளர் எனக்குத் தமிழில் சொன்னார்: "பழிவாங்கிய மனிதருக்கு யாராவது முறுக்கு சுட்டுக் கொடுப்பார்களா?"

தீர்ப்புக்குப் பிறகு

நிரூபிக்கவில்லை என்று தீர்ப்பு வந்தது. போன வேலை போனதுதான். தெங்கேராவில் ஒரு தையல் கடையில் சேர்ந்தேன். ஒருநாள் மேரி அக்கா கைக்குழந்தையோடு கடைக்கு வந்தார். கோபத்தை எங்கே வைத்தேனோ, பிள்ளையை வாங்கிக் கொஞ்ச ஆரம்பித்துவிட்டேன். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார்: "எனக்கும் நைட் ஷிப்ட் போட்டுட்டாங்க. அன்னிக்கே வந்து சொல்லியிருக்கணும்லா."

மேலதிகாரியோடு மனத்தாங்கல் உள்ள சகோதரிகளே, நாலு பேர் பார்க்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளுங்கள். சிரித்த முகத்தைக் கோர்ட் நம்புவதில்லை.