புதன்கிழமை வரவேண்டிய காய்ச்சல்

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் ஒரு மிளகுக் கிடங்கு. அங்கே பத்தொன்பது ஆண்டுகளாக மாதிரித் துறைக்குத் தலைமை வகித்து வருபவர் சங்கிலிப்பாண்டி. அப்படி ஒரு துறை இருப்பது சம்பளப் பட்டியலுக்குத் தெரியாது. அதில் 'மூட்டை அடுக்குபவர்' என்றுதான் இருக்கும். ஆனால் வாங்க வருகிறவர் சாக்கின் வயிற்றில் குத்தூசியைச் செருகி, அதன் பள்ளத்தில் உருண்டு வரும் ஒரு பிடி மிளகைப் பார்த்து மொத்தச் சரக்கையும் மதிப்பிடுகிறாரே, அந்தக் குத்தூசி எந்த மூட்டையில் இறங்கும் என்பதை முந்தின நாளே முடிவு செய்பவர் இவர்தான். உள்ளே சத்தில்லாத பொக்கு மிளகு சுவரோரம் போகும். கனத்த மிளகு வாசல் பக்கம், வருகிறவர் கை எட்டும் தூரத்தில் நிற்கும். இதை ஏமாற்று என்று சொன்னால் அவருக்குக் கோபம் வராது, வருத்தம் வரும். "பொண்ணு பாக்க வாரவங்க முன்னால அழுக்குச் சேலையோடவா நிக்கச் சொல்லுவீங்க?" என்று கேட்பார்.

ஆகவே, மகள் படிக்கும் பள்ளிக்கூடத்தின் ஹெட்மாஸ்டர் ஷாஜி சார் திங்கட்கிழமை அவரை அழைத்து மலையாளம் கலந்த தமிழில் விஷயத்தைச் சொன்னபோது, பாதி பேச்சிலேயே அவருக்குப் பிடிபட்டுவிட்டது.

"புதன்கிழமை மூணாம் கிளாசுக்குப் பரீட்சை, கேட்டோ. எல்லா ஸ்கூலுக்கும் ஒரே தாள், ஒரே நேரம். மார்க் குட்டிகளுக்கில்ல, ஸ்கூலுக்காணு. பச்சை, மஞ்சள், சிவப்பு. நம்மள் போன வருஷம் மஞ்சள்."

"சரிங்க சார்."

"செல்வலட்சுமி மோள் மோசமொண்ணுமில்ல. நல்லா வாசிக்கும். பட்சே ஸ்லோ. நாப்பது கேள்வி, தொண்ணூறு மினிட்டு. மோள் நாலு விடையையும் பார்த்து ஒவ்வொண்ணுக்கும் பாவப்படும். அதுகொண்டு, சேட்டா, புதன்கிழமை மோளுக்கு ஒரு சின்னக் காய்ச்சல் வரட்டே."

சங்கிலிப்பாண்டி தொழில் மரியாதையோடு தலையசைத்தார். இவ்வளவு படித்த மனிதரும் மூட்டை அடுக்குகிறார் என்பதில் அவருக்கு ஒரு பெருமைகூட இருந்தது. "மொத்தம் எத்தன பேருக்குக் காய்ச்சல் சார்?" என்று விசாரித்தார்.

"மோளுக்கு மாத்திரம்," என்றார் ஷாஜி சார், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு.

சுள்ளிக்கல் வீட்டுக்கு வந்து மனைவி ஒச்சம்மாளிடம் சொன்னபோதுதான் அந்தப் பெருமையில் ஓட்டை விழுந்தது. அவள் லாட்ஜில் துணி துவைத்துவிட்டு வந்து அப்போதுதான் உட்கார்ந்திருந்தாள்.

"அப்ப எம்மகளச் சுவரோரமா வச்சுட்டு வந்திருக்க."

"அப்படி இல்லடி. பள்ளிக்கூடத்துக்கு நல்ல பேரு..."

"யாருய்யா எம்மகளப் பொக்குன்னது? அந்தாளா, நீயா?"

யாரும் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை என்று அவர் வாதாடினார். உண்மைதான், சொல்லவில்லை. அடுக்குகிறவன் மூட்டையிடம் எதற்குச் சொல்லப்போகிறான்?

செல்வலட்சுமிக்கு எட்டு வயது. அவள் ஒரு வாரமாக இந்தப் பரீட்சைக்குத் தவம் கிடந்தாள். விடைக்கு நேராக உள்ள வட்டத்தைப் பென்சிலால் நிரப்ப வேண்டும், கோட்டைத் தாண்டக் கூடாது என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். வீட்டில் இருந்த செய்தித்தாளில் வட்டமாக எது கண்ணில் பட்டாலும் நிரப்பியிருந்தாள். முதல் பக்கத்துத் தலைவர் ஒருவர் கண்ணிரண்டும் கறுத்துக் கிடந்தார். அன்று மாலை அவளிடம் பயிற்சித்தாளை வாங்கி, அதில் இருந்த மலையாளக் கேள்வியைப் படிக்கச் சொல்லிக் கேட்டார் சங்கிலிப்பாண்டி. படகில் ஒரு தடவைக்கு இருபது பேர். அறுபத்தைந்து பேர் அக்கரை போக எத்தனை தடவை?

"நாலுன்னு போட்டிருக்கு. தப்புப்பா. மூணுதான்."

"எப்படித்தா?"

"மிச்சம் அஞ்சு பேரு நின்னுக்கிட்டே வருவாங்கல்ல? அஞ்சு பேருக்காகப் படகு தனியாவா போகும்?"

சங்கிலிப்பாண்டி யோசித்துப் பார்த்தார். இந்த ஊரில் அத்தனை வருஷம் படகேறியவர் என்ற முறையில், மூன்றுதான். அன்று முதல் அவருக்கு உடம்பில் ஏதோ ஒன்று சரியில்லாமல் போயிற்று. உட்கார்ந்தால் எழத் தோன்றியது, எழுந்தால் எங்கே போவது என்று தெரியவில்லை.

புதன்கிழமை வந்தது, காய்ச்சலும் அறிவித்தபடி வந்தது. சீருடை போட்டுக்கொண்டு நின்றவளைக் கழற்றச் சொன்னதும் அவள் அழவில்லை. "எனக்கு எங்க சுடுது?" என்று மட்டும் கேட்டாள். சங்கிலிப்பாண்டி அவள் கழுத்தில் கைவைத்துப் பார்த்துவிட்டு, "லேசாத்தான் இருக்கு," என்றார். பக்கத்து வீட்டு விஜி, குழந்தைக்கு முடியவில்லையாமே என்று கஞ்சி கொண்டு வந்தாள். காய்ச்சலுக்குச் சாட்சியும் கிடைத்துவிட்டது. ஒச்சம்மாள் அந்தக் கஞ்சியைத் தொடாமல் வேலைக்குப் போனாள். சங்கிலிப்பாண்டி அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு, அறைக்கும் வாசலுக்கும் நடுவே நடந்துகொண்டிருந்தார். பத்து மணிக்குப் பரீட்சை. பத்து அடித்தது. மகள் அவரைப் பார்க்கவில்லை, கடிகாரத்தைப் பார்த்தாள்.

பத்தரைக்குத் தொலைபேசி.

"சேட்டா, மோளுக்குக் காய்ச்சல் எங்ஙனே உண்டு?" ஷாஜி சார்தான். மூச்சு வாங்கியது.

"நீங்க சொன்ன மாதிரியே நல்லா இருக்கு சார்."

"அது இறங்கணும். இப்பத்தன்னே!"

நடந்தது இதுதான். ஹெட்மாஸ்டர் சிலரிடம் சொல்லியிருந்தார். வகுப்பு டீச்சர் அவருக்குத் தெரியாமல் சிலரிடம் சொல்லியிருந்தார். கணக்கு டீச்சரும் தன் பங்குக்குப் பள்ளியின் மானத்தைக் காத்திருந்தார். முப்பத்துநாலு பேரில் பதினாலு பேருக்கு ஒரே காலையில் காய்ச்சல். முப்பது பேராவது எழுதாவிட்டால் பள்ளி நேராகச் சிவப்பு. பதினொரு மணிவரை வருகிறவர்களைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று விதி.

ஆட்டோவில் போய் இறங்கியபோது, வாசலில் வரிசையாக ஆட்டோக்கள். குணமான குழந்தைகள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு குழந்தை நெற்றியில் போட்ட ஈரத்துணியோடு வந்திருந்தது. அதன் பெற்றோர் எதையும் அரைகுறையாகச் செய்கிறவர்கள் இல்லை போலும். செல்வலட்சுமி பெஞ்சில் உட்கார்ந்தபோது மணி பத்தே முக்கால்.

தாமதமாக வந்த மற்றவர்கள் கண்ணில் பட்ட வட்டத்தை எல்லாம் நிரப்பிப் பத்து நிமிடத்தில் விடுதலை பெற்றார்கள். செல்வலட்சுமி ஒவ்வொரு விடைக்கும் நீதி வழங்கிக்கொண்டிருந்தாள். பதினொன்றரைக்கு மணி அடித்தது. பதினாலு கேள்வி முடித்திருந்தாள். களமசேரியிலிருந்து பரீட்சை நடத்த வந்திருந்த சுதர்ஷன் என்ற இளைஞர், தாளை வாங்கக் கை நீட்டினார். அவள் தாளை விடவில்லை. வாசல்படியைத் தாண்டி உள்ளே வந்துவிட்டிருந்தார் சங்கிலிப்பாண்டி.

"இன்னும் முக்கா மணி நேரம் பாக்கி இருக்கு சார்."

சுதர்ஷன் பாலக்காட்டுக்காரர், தமிழ் வந்தது. "எல்லார்க்கும் ஒரே நேரம். அதானே நியாயம்?"

"அதத்தான் சார் கேக்குறேன். எல்லாருக்கும் ஒன்றரை மணி நேரம். எம்மகளுக்கு முக்கா மணி."

"காய்ச்சல்னால லேட்டா வந்தா நாங்க என்ன செய்ய முடியும்?"

பத்தொன்பது ஆண்டுகளில் எந்த மூட்டை எங்கே நிற்கிறது என்று சங்கிலிப்பாண்டி வாங்க வந்த எவரிடமும் சொன்னதில்லை. நாக்கு ஒருமுறை உள்ளே போய்த் திரும்பி வந்தது.

"காய்ச்சல் இல்ல சார். தொட்டுப் பாருங்க. மெதுவா எழுதும்னு இங்க சொன்னாங்க, நானும் சரின்னு வீட்டுல வச்சுட்டேன். அவரு பாதி தப்பு, நான் பாதி. பிள்ள என்ன செஞ்சுச்சு?"

கதவருகே நின்ற ஷாஜி சார் மின்விசிறியை ஆராய்ந்தார். சுதர்ஷன் தன் படிவத்தைப் புரட்டினார். நோய், வெளியூர், வீட்டில் துக்கம் என்று மூன்று கட்டங்கள். "இதுக்குக் கட்டம் இல்லியே," என்றார், உண்மையான கவலையோடு. பிறகு கடிகாரத்தைப் பார்த்தார், தாளைப் பிடித்திருந்த சிறிய கையைப் பார்த்தார், நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"எழுதட்டும். பட்சே மணிக்கு அப்புறம் எழுதறது கணக்குல வராது. சொல்லிட்டேன்."

"வராட்டிப் போகுது," என்றாள் செல்வலட்சுமி, பதினைந்தாம் கேள்வியிலிருந்து தலை நிமிராமல்.

மற்ற குழந்தைகள் சோற்றுக்குப் போனார்கள். வெறும் வகுப்பில் அவள் ஒருத்தி, யாருக்கும் தேவைப்படாத இருபத்தாறு விடைகளைத் தேடிக்கொண்டிருந்தாள். சங்கிலிப்பாண்டி வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். ஒவ்வொரு முறை ஜன்னலைக் கடக்கும்போதும் எட்டிப் பார்த்தார். ஏழாவது முறை அவள் பென்சிலை வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அப்பா, ஒரு எடத்துல நில்லுங்க. நீங்க நடந்தா வட்டம் கோணுது."