கிளச்சுக் கால்

ஏணி சறுக்கி விழுந்ததில் என் வீட்டுக்காரருக்கு முறிந்தது இடது கால். கிளச்சை அமுக்குகிற கால். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பதுளை பஜாரில் எங்களுக்குத் துணிக்கடை. தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது, தேயிலைத் தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயங்களுக்குச் சேலை கொண்டு போனால்தான் வியாபாரம். ஒரு தோட்டத்துத் துரையிடம் பழசாக வாங்கிய காரை வேறு ஆள் தொட அவர் விடமாட்டார். "நீயே ஓட்டு" என்றார். மாமியார் தலையில் அடித்துக்கொண்டார்.

அவர் பின்சீட்டில் காலை நீட்டிக்கொண்டு வண்டிச் சத்தத்தைக் காதால் கேட்டே பாடம் நடத்தினார். கியரைக் குறைக்க வேண்டுமென்றால் கிளச்சை இரண்டு தரம் அமுக்க வேண்டும். நான் ஒரே அமுக்கில் தள்ளுவேன். உள்ளே பற்கள் நறநறவென்று உரசும். பஜாரே திரும்பிப் பார்க்கும்.

"அது பல்லக் கடிக்குது புள்ள. நானும் கடிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்."

ஒரு நாள் தெமோதரை ரோட்டில், ஏற்றத்து வளைவில், சத்தமே இல்லாமல் கியர் விழுந்தது. வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பின்னால் அவர் வலியில் முனகியது அப்புறம்தான் காதில் விழுந்தது.

அங்கேதான் பிடித்தது சனி. வெள்ளிக்கிழமைகளில் கிளம்புமுன் ரோட்டோரப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கச் சொல்வார் மாமியார். "எம் மகன் காலு சீக்கிரம் சரியாகணும்னு வேண்டிக்க தாயி." கண்ணை மூடுவேன். 'கால் சரியாகட்டும்' என்பது வரும். 'சீக்கிரம்' மட்டும் வராது. கால் சரியானால் நான் மறுபடி அடுப்படிக்குத்தானே? மடுல்சீமை வரை ஓட்டிப் போய் வந்தவளுக்கு அது பிடிக்கவில்லை. கட்டின புருஷன் வலியில் கிடக்க, சாமி முன்னால் ஸ்டியரிங்கை நினைத்துக்கொண்டு நின்றேன். நீயெல்லாம் ஒரு பெண்ணா என்று என்னையே திட்டிக்கொள்வேன். அடுத்த வெள்ளிக்கிழமையும் அதே கதைதான். அவர் காலுக்கு எண்ணெய் தடவும்போது முகத்தை நிமிர்ந்து பார்க்கமாட்டேன்.

தீபாவளிக்குப் பிறகு வைத்தியர் கட்டைப் பிரித்தார். எலும்பு சேர்ந்துவிட்டது என்றார். மறுநாளே என் வீட்டுக்காரர் ஸ்டியரிங் முன்னால் ஏறி உட்கார்ந்தார். நான் பக்கத்தில்.

கிளச்சை அமுக்கினார். பாதிக்கு மேல் இறங்கவில்லை. இன்னொரு தரம் அமுக்கினார். கால் வெடவெடவென்று நடுங்கியது.

"முடியல" என்றார். "இனிமே முடியாது போலருக்கு."

சீக்கிரம் என்று நான் ஒரு நாளாவது கேட்டிருந்தால்? அந்த நினைப்பு வந்தபோது நான் காரைவிட்டு இறங்கி, சுற்றிப்போய், அவர் பக்கத்துக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். எவ்வளவு வேகமாக வந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு சொட்டாவது அழுதுட்டு ஏறு புள்ள" என்றார் மெதுவாக. "அம்மா வாசல்ல நிக்கிறாங்க."

அழுகை பொத்துக்கொண்டு வந்தது. ஆனாலும் ஏறினேன்.